ஆற்றில் கிடைத்த கல்லைச் சிற்பம்போல வீட்டில் வைப்பது எப்படி?

குழித்துறை ஆற்றோரம் மலை வடிவில் ஒரு கல் கிடைத்தது, பாலிஷ் போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிஷ் வேண்டவே வேண்டாம். ஜப்பானியர் இந்தக் கலையைச் சூய்செக்கி என்பார்கள். ஆறும் வெயிலும் செதுக்கியதை மனிதன் திருத்தாமல் பார்ப்பதுதான் அதன் ரசனை. பழைய பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவினால் போதும். எண்ணெயும் பூசாதீர்கள், தூசி ஒட்டும்.

சீனாவின் தாய்ஹூ கற்களைப் போல ஓட்டை ஓட்டையாக நம்மூரில் தேடினால் ஏமாற்றம்தான். அவை சுண்ணாம்புக்கல், தண்ணீர் கரைத்துத் துளைத்தவை. இங்கே பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். உருண்டு வழவழப்பாகும், துளை விழாது. ஆனால் நிறம் உண்டு: சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக அது கார்னெட் என்ற கனிமம்.

அடுத்து, கல்லை நிறுத்தி வைக்கும் மர இருக்கை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எது முகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம். அப்புறம் அடிப்பக்கத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அயனி மரப் பலகையிலோ பலாப் பலகையிலோ குழி எடுக்கச் சொல்லுங்கள். அடியை அறுத்துத் தட்டையாக்குபவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்காது.

தட்டில் மணல் பரப்பியும் வைக்கலாம். அதற்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலை அள்ளி வராதீர்கள். அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது, கதிரியக்கம் உண்டு. சாதாரண வெள்ளை மணலே போதும். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போய்க் கல் எடுப்பதும் கூடாது, அது வன உயிரினச் சரணாலயம்.