வசூல் பாதியில் படுத்துவிட்டால்? டீச்சர் பதில்கள்

பொதுக் காரியத்துக்கு நன்கொடை வசூலிப்பது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் எங்கே போனது? கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கூடக் கூரை, மண்சரிவில் வீடு போனவர்களுக்கு உதவி என்று பல வசூல்களில் கணக்கு எழுதியவள் என்கிற தகுதியில்தான் பதில் சொல்கிறேன். கோயில் திருப்பணி எனக்குத் தெரியாத துறை, அதைக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

குன்னூரிலிருந்து: டீச்சர், எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்க 12 லட்சம் இலக்கு வைத்தோம். முதல் இரண்டு வாரம் அமோகமாக வந்தது. 4 லட்சத்தில் நின்றுவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாரும் கண்டுகொள்வதே இல்லை. மக்களுக்கு அலுத்துவிட்டதா?

மக்களுக்கு அலுக்கவில்லை, உங்கள் போஸ்டர் அலுத்துவிட்டது. எந்த வசூலும் முதலிலும் கடைசியிலும்தான் ஓடும், நடுவில் காயும். இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் அமெரிக்கத் தளமான கிக்ஸ்டார்ட்டரை ஆராய்ந்தவர்களும் இதே வடிவத்தைத்தான் பார்த்தார்கள். முதலில் கொடுப்பவர்கள் உங்கள் சொந்தபந்தம், தெருக்காரர்கள். கடைசியில் வருகிறவர்கள் "இன்னும் இவ்வளவுதானா, நானும் போடுகிறேன்" என்று வருபவர்கள். நடுவில் இருப்பவருக்குத் தன் 200 ரூபாய் எங்கே போய் ஒட்டும் என்றே தெரிவதில்லை.

அதனால் 12 லட்சத்தை உடையுங்கள். ஸ்ட்ரெச்சர் தனி, ஆக்சிஜன் சிலிண்டர் தனி, வண்டிக்கு முன்பணம் தனி. ஸ்ட்ரெச்சருக்குப் பணம் சேர்ந்த அன்றைக்கே வாங்கி, ஊர் மந்தையில் வைத்து, நான்கு பேர் அதைத் தூக்கிப் பார்க்கிற படத்தைப் போடுங்கள். அடுத்தது சொல்கிற விதம். பாதி இலக்கு வரும்வரை "இவ்வளவு வந்துவிட்டது" என்று சொல்லுங்கள். பாதியைத் தாண்டியதும் "இன்னும் இவ்வளவுதான்" என்று மாற்றுங்கள். வந்ததோ மீதியோ, எது சின்னத் தொகையோ அதைக் காட்டினால்தான் தன் பங்கு பெரிதாகத் தெரியும். மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு பேர் 2012-ல் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீங்கள் மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறீர்கள், "இன்னும் 8 லட்சம் வேண்டும்" என்று தினமும் போட்டால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கொடுத்தவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவர்களிடம் பணம் கேட்பதை விட்டு வேலை கேளுங்கள். ஒருவர் ஆட்டோ ஸ்டாண்டில் பேசட்டும், ஒருவர் மகளிர் குழுவில் பேசட்டும். அடுத்த முறை பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல், நான்கு பெரிய கைகளிடம் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்குச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காக இதைச் சோதித்துப் பார்த்து 2002-ல் எழுதினார்கள். இலக்கில் 10 சதவீதம் கையில் இருக்கிறது என்று போன கடிதங்களை விட, 67 சதவீதம் இருக்கிறது என்று போன கடிதங்களுக்குக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு பணம் வந்தது.

மன்னவனூரிலிருந்து: எந்த மாதம் ஆரம்பித்தால் நல்லது அக்கா?

கையில் காசு புழங்குகிற மாதம். உங்கள் பக்கம் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ப் பணம் திரும்பிய பிறகு. எங்கள் பக்கம் பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரியில் மாதப் பணம் போட்டவுடன். எஸ்டேட் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு என்றால் சம்பளத் தேதியை ஒட்டி, இல்லையென்றால் தீபாவளி போனஸ் வாரத்தில். ஜூன் மாதம் எந்த வீட்டுப் படியும் ஏறாதீர்கள், பள்ளிக்கூடச் செலவில் எல்லோரும் விழி பிதுங்கி நிற்பார்கள்.

ஊட்டியிலிருந்து: மலர்க் கண்காட்சி சமயத்தில் டூரிஸ்ட்டுகளிடம் உண்டியல் ஏந்தலாமா?

நகராட்சியிலும் போலீஸிலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஏந்துங்கள். ஆனால் டூரிஸ்ட் ஒரு தடவை போடுவார், கீழே இறங்கியதும் மறந்துவிடுவார். அதை நம்பி இயக்கம் நடத்த முடியாது. டீக்கடைகளில் பெட்டி வைப்பது மேல். பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, வாராவாரம் கடைக்காரர் முன்னால் இரண்டு பேர் திறந்து எண்ணி, தொகையை அந்தப் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். போன வாரம் 640 என்று பெட்டியில் இருந்தால் டீ குடிக்க வந்தவர் மீதிச் சில்லறையைத் தானாகவே போடுவார். பெட்டியில் கியூஆர் கோடு ஒட்டியிருந்தால் தினமும் ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அதன் மேலேயே வேறு கோடு ஒட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு.

அந்தக் கோடும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடிகிற கணக்கு. பொருளாளரின் சொந்த ஜிபே நம்பருக்கு வாங்காதீர்கள். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவர் மகள் கல்யாணம் வரும்போது ஊர் என்ன பேசும் என்று யோசியுங்கள்.

கூடலூரிலிருந்து: ஆர்வத்தைத் தூக்க 100 ரூபாய் குலுக்கல் சீட்டு போடலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். முதல் பரிசு ஸ்கூட்டர்.

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை, பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. "நல்ல காரியத்துக்குத்தான் சார்" என்று ஸ்டேஷனில் நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம். விறுவிறுப்புத்தானே வேண்டும், ஏலம் விடுங்கள். காந்தி 1934-ல் ஹரிஜன நிதிக்காகச் சுற்றியபோது குன்னூரில் வந்து தங்கினார். அந்தச் சுற்றுப்பயணக் கூட்டங்களில் தனக்கு வந்த பரிசுப் பொருள்களை மேடையிலேயே ஏலம் விடுவார், கையெழுத்துக்கே காசு வாங்குவார். உங்கள் ஊரிலும் பாட்டி பின்னிய ஸ்வெட்டர், பேக்கரிக்காரர் கொடுத்த வர்க்கி, தோட்டத்தில் முதலில் எடுத்த கேரட் மூட்டை எல்லாம் ஏலத்துக்கு வரலாம். மூன்றாம் தரம் சொல்வதற்குள் போட்டி பிடித்துவிடும்.

பந்தலூரிலிருந்து: எங்கள் நூலக வசூல் நடக்கும்போதுதான் வயநாடு நிலச்சரிவு வந்தது, 2024 ஜூலை 30. எல்லோரும் அங்கே கொடுத்துவிட்டார்கள். அதோடு எங்களுடையது படுத்தது. அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

போட்டி போடாமல் விலகி நின்றிருக்க வேண்டும். "எங்கள் வசூலை ஒரு மாதம் நிறுத்துகிறோம், இப்போது அங்கே கொடுங்கள்" என்று நீங்களே அறிவிப்பது. அப்படிச் சொன்னவர்கள் மறுபடி வரும்போது எந்த வீட்டிலும் கதவு திறக்கும். மேலே சொன்ன காந்தி பயணத்தின் நடுவில்தான் பீகார் பூகம்பம், 1934 ஜனவரி 15. எடுத்த வேலையையும் அவர் விடவில்லை, பீகாருக்கும் கேட்டார். இப்போதும் உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. முதலில் அன்றைக்கு நின்ற இடத்தின் கணக்கை ஊருக்கு ஒட்டுங்கள், பிறகு கேளுங்கள்.

பெருமாள்மலையிலிருந்து: கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பஸ் ஸ்டாண்டில் பெரிய போர்டாக வைக்கப் போகிறோம். பார்த்தால்தானே அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றும்?

பெயர் போடுங்கள், தொகை வேண்டாம். 5,000 மேலே, 50 கீழே என்று எழுதினால் கீழே இருப்பவர் அடுத்த தடவை கொடுக்க மாட்டார்.

பெருமாள்மலை, மறுபடியும்: ஒத்துக்கொள்ள முடியவில்லை டீச்சர். கல்யாண வீட்டில் மொய்யை மைக்கில் தொகையோடுதானே வாசிக்கிறார்கள்? அங்கே யார் வெட்கப்பட்டார்கள்?

மொய் திரும்பி வரும், அதற்காகத்தான் நோட்டில் எழுதி வைக்கிறோம். ஆம்புலன்ஸுக்குக் கொடுத்த 50 ரூபாயை யாரும் அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்கப் போவதில்லை.

கொடநாடு பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் லயத்தில் அப்படி ஒரு லிஸ்ட் ஒட்டினார்கள். அம்மா கொடுத்த 30 ரூபாய் கடைசி வரியில் இருந்தது. அடுத்த வருஷம் வசூலுக்கு வந்தபோது அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார்.

பெருமாள்மலைக்காரர் இதைப் படிக்கவும்.

பெருமாள்மலை: படித்தேன், வருத்தம்தான். ஆனால் தொகையை மறைத்தால் திருட்டுக்கு வழி இல்லையா? கணக்கை ஒட்டு, ஒட்டு என்கிறவர் நீங்கள்தானே?

இது சரியான கேள்வி. ரசீது நம்பரை வைத்து ஒட்டுங்கள். 0241, ரூ. 50. 0242, ரூ. 2,000. 0243, ரத்து. இப்படி வரிசையாக, ஒரு நம்பர் விடாமல். ரசீது கையில் இருப்பவர் தன் நம்பரைத் தானே பார்த்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரருக்கு யாருடையது என்று தெரியாது. பெயர்கள் தனியாக, அகர வரிசையில். எந்த ரசீது புத்தகம் யார் கையில், அடிக்கட்டை திரும்பி வந்ததா என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பணம் காணாமல் போவது பெரும்பாலும் திரும்பி வராத புத்தகத்தில்தான்.

குன்னூர் கடைக்காரர் ஒருவர்: பெயரும் தொகையும் போடாவிட்டால் 50,000 கொடுக்கிறவர் கொடுப்பாரா? நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள்.

சிலர் கொடுக்க மாட்டார்கள்தான். அவர்கள் வீட்டுக்குக் குழுவோடு போய்ச் சால்வை போடுங்கள், வண்டி வந்த அன்று அவர் கையால் சாவி கொடுக்க வையுங்கள். டியூப்லைட்டில் "உபயம்" எழுதி வெளிச்சத்தையே மறைத்த கதை எல்லோருக்கும் தெரியும், ஆம்புலன்ஸ் கண்ணாடியையாவது விட்டுவையுங்கள்.

பெருமாள்மலை: சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். 10,000-க்கு மேல் மட்டும் தொகையோடு.

உங்கள் ஊர், உங்கள் போர்டு. இனி போர்டு பற்றி யாரும் எழுத வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மஞ்சூர், கேத்தி, பூம்பாறை, இன்னும் சிலர்: ஆரம்பத்தில் நன்றாக வந்தது, இப்போது வரவில்லை.

முதல் பதில்.

கூடலூரிலிருந்து வேறொருவர்: குலுக்கல் இல்லை டீச்சர், டோக்கன்தான். அதிர்ஷ்டசாலிக்குக் குக்கர்.

டோக்கன் என்று பெயரை மாற்றினால் சட்டம் மாறாது. மேலே படியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: ஒரு ஃபேக்டரி முதலாளி, மக்கள் கொடுப்பதற்கு இணையாகத் தானும் கொடுக்கிறேன் என்கிறார். இரண்டு மடங்கு கேட்கலாமா?

இணையே போதும். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒருவர் இணைத்தொகை தருகிறார் என்று சொன்னபோது ஒரு கடிதத்துக்குக் கிடைத்த வருமானம் 19 சதவீதம் கூடியது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சொன்னதால் அதற்கு மேல் கூடவில்லை. அவருடைய பணத்தை நடுவில் காய்கிற வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பத்து நாளில் நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் ஒரு ரூபாய்" என்று கெடு வைத்து அறிவியுங்கள், முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள்.

கூடலூர், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பிலிருந்து: சித்தப்பா மகன் கனடாவிலிருந்து எங்கள் சங்கத்துக்கு அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா?

அவர் பாஸ்போர்ட் எது? இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும். அப்போது உங்கள் சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். உங்கள் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் யோசனை வரும், அது இன்னும் மோசம்.

வெலிங்டனிலிருந்து: கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கிற 80ஜி ரசீது கொடுத்தால் ஆர்வம் கூடுமா?

பழைய வரி முறையில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடும். புதிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கினாலும் கிடையாது. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு வசூல். அழுகிற படம் போட்டால்தான் பணம் வருகிறது என்கிறார்கள்.

முதலில் அந்தக் குடும்பத்திடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் தகுதி உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அந்த ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டு, மீதித் தேவைக்கு மட்டும் வசூல். படம் விஷயத்தில், ஒரு முகம் நூறு புள்ளிவிவரத்தை விட வேகமாகக் கையைத் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும், கூடப் படிக்கிறவர்கள் வீட்டு போனிலெல்லாம் அந்த அழுகைப் படம் இருக்கும். சிரிக்கிற படம் போடுங்கள், அதுவும் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வாங்கிய பிறகு. ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டைக் கூடவே போடுங்கள்.

ஊட்டியிலிருந்து: பிரபல யூடியூபரைக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம். கியூஆர் கோடு உங்களுடையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து, என் பழைய மாணவி: மக்களை விடுங்கள் டீச்சர், எங்கள் பையன்களுக்கே ஆர்வம் போய்விட்டது. மழையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்ந்துவிட்டார்கள்.

இதைத்தான் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவன் முகம் வாடியிருந்தால் கதவைத் திறக்கிறவர் எப்படிக் கொடுப்பார்? ஒருவனுக்கு ஒரு தெரு, இரண்டு ஞாயிறு, அதோடு அவனை விட்டுவிடுங்கள். இரண்டு பேராக அனுப்புங்கள், அதில் ஒருவர் பெரியவர். திரும்பி வந்ததும் சூடாக டீ இருக்க வேண்டும், அந்த இடத்திலேயே எண்ணி அவர்கள் கண் முன்னால் நோட்டில் ஏற்ற வேண்டும். அப்புறம் சேர்ந்த பணத்தில் பொருள் வாங்கப் போகும்போது தலைவரும் செயலாளரும் மட்டும் போகாமல் இந்தப் பையன்களை அழைத்துப் போங்கள்.

குன்னூரிலிருந்து: இலக்கைத் தாண்டிப் பணம் வந்துவிட்டால்?

வரட்டும். ஆனால் மிச்சம் எங்கே போகும் என்பதை இன்றைக்கே முடிவு செய்து ரசீதின் அடியில் அச்சடித்துவிடுங்கள்: "மீதித் தொகை டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும்." வசூல் முடிந்த பிறகு கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்று விட்டால் ஊர் இரண்டாகும்.