கீழ்க் கடைவாய்ப் பல்: ரூட் கெனாலா, பிடுங்குவதா?

பர்மாவின் தட்டோன் ஊர் டாக்டர் உங்கள் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்கிறார், ரூட் கெனால் (கெட்ட நரம்பை எடுத்து, உள்ளே அடைத்துப் பல்லைக் காப்பாற்றுவது) செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேர் பிளக்காமல், ஈறுக்கு மேல் போதிய பல் மிச்சமிருந்தால் ரூட் கெனாலே செய்யுங்கள். தட்டோன் டாக்டர் பிடுங்கச் சொன்னது ஞானப்பல்லாக இருந்தால் நானும் சரி என்பேன். உங்களுடையது முதல் கடைவாய்ப் பல். சோறு மெல்லுவதே அதை வைத்துத்தான். எடுத்துவிட்டால் பின்பல் மெல்ல முன்னால் சாயும், மேல்பல் கீழே இறங்கும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டபின் வலி நிமிடக்கணக்கில் நிற்கிறது என்கிறீர்களே, சொத்தை நரம்பு வரை போயிருக்கும். ஆனால் கொட்டைப்பாக்குக் கடிக்கும் பழக்கமும் உண்டு என்பதால் விரிசலையும் பார்க்க வேண்டும். மடித்த துணியை அந்தப் பல்லில் மட்டும் மெதுவாகக் கடித்து, விடுங்கள். விடும் நொடியில் சுருக்கென்றால் விரிசல் என்று சந்தேகிக்கலாம். டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். விரிசல் வேருக்குள் இறங்கியிருந்தால் பிடுங்குவதுதான் வழி.

அப்புறம் செலவு. ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கேப் (பல்லை மூடும் உறை) போடும் காசையும், சிகிச்சைக்காக ரங்கூனுக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கேப் இல்லாத கடைவாய்ப் பல் பின்னால் உடைவது சகஜம். இந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் பாதியில் விடுவதைவிடப் பிடுங்குவதே மேல்.

மருந்துக்கடை ஆன்டிபயாட்டிக்கை விழுங்கிக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள். நரம்பு வலியை அது தீர்க்காது. தாடை வீங்கி, காய்ச்சலோ விழுங்கக் கஷ்டமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.