கிளிநொச்சியில் செய்த கச்சான் (நிலக்கடலை) கோதுடைக்கிற மெஷினுக்கு இந்தியாவில் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்கலாமா? 2024இல் விதி மாறியதால் எங்களுக்கு ஏதும் லாபம் உண்டா?

எடுக்கலாம். ஆனால் "இப்போது கண்காட்சியில் காட்டிவிட்டும் விண்ணப்பிக்கலாமாம்" என்ற கதையை நம்பித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கதையை விடுங்கள்.

15 மார்ச் 2024 இந்திய ஆக்கவுரிமை விதித் திருத்தத்தில் படிவம் 31 என்று ஒன்று வந்தது. முன்கூட்டியே வெளியில் காட்டியதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பதற்கான படிவம். படிவம்தான் புதிது, இந்திய ஆக்கவுரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பழையதுதான். இந்திய மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற ஒருசிலவற்றுக்கே 12 மாதச் சலுகை. உங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியும் யூடியூப் வீடியோவும் அதற்குள் வராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தில் நீங்களே வெளியிட்டதற்கு ஒரு வருடம் விட்டுக்கொடுப்பார்கள். அதை நம்பி வீடியோ போட்டவர் கொழும்பில் தப்புவார், இந்தியாவின் சென்னை ஆக்கவுரிமை அலுவலகத்தில் அடிபடுவார்.

மேடையில் ஏற்றி, சான்றிதழ் கொடுத்து, மெஷினைத் திறந்துவைத்துப் படமெடுத்து முகநூலில் போடுகிற அதிகாரிமாருக்கு இதை யாராவது சொன்னால் புண்ணியம். "விண்ணப்பம் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆகவே முதலில் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம். பிறகு காட்டலாம். அந்தத் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் இந்தியாவில் போட்டால் கொழும்புத் திகதியே முன்னுரிமைத் திகதியாக (மெஷின் புதியதா என்று பார்க்கும் நாளாக) நிற்கும். இடையில் காட்டியது பாதிக்காது.

திருத்தம் கடிக்கிற இடம் இனித்தான். விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்கும்படி கேட்கும் படிவம் 18க்கு முன்பு 48 மாதம் இருந்தது, இப்போது 31 மாதம். எண்ணுவது இந்தியாவில் போட்ட நாளிலிருந்து அல்ல, முன்னுரிமைத் திகதியிலிருந்து. கொழும்பில் 10 ஜனவரி 2025 என்றால், இந்தியாவில் போட 10 ஜனவரி 2026 வரை, படிவம் 18க்கு 10 ஓகஸ்ட் 2027 வரை. தவறவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே மீளப்பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். பழைய கட்டுரைகளில் 48 என்றுதான் கிடக்கும், கவனம்.

லாபமும் உண்டு. வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சொல்லும் படிவம் 3ஐ ஒவ்வொரு தடவையும் புதுப்பித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதலில் ஒன்று, முதல் பரிசோதனை அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் இன்னொன்று. கொழும்பு விண்ணப்பத்தை அதில் மறக்காமல் எழுதுங்கள். ஆக்கவுரிமை கிடைத்தபிறகு, பயன்பாட்டு அறிக்கையான படிவம் 27 வருடாவருடம் இல்லை, மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. புதுப்பித்தல் கட்டணத்தை நான்கு வருடத்துக்கு முன்கூட்டி இணையத்தில் கட்டினால் 10 வீதம் குறையும்.

தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 இந்திய ரூபா, பரிசோதனைக்கு 4,000. 30 பக்கம், 10 கோரிக்கைகள் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எழுதும் வரிகள்) தாண்டினால் பக்கத்துக்கு 160, கோரிக்கைக்கு 320 கூடும். ஆக்கவுரிமை முகவர் கேட்பது இதைவிடப் பலமடங்கு. இந்தியாவில் தொடர்பு முகவரி ஒன்று வேண்டும் என்பதால் முகவர் இல்லாமல் கஷ்டம்.

விவசாய மெஷின்கள் விழுவது கட்டணத்தில் அல்ல, இந்தியச் சட்டத்தின் 3(f) பிரிவில். ட்ரம், கீழே சல்லடை, பக்கத்தில் ஊதுகிற ஃபேன் என்று அடுக்கி எழுதினால், "தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர், தனித்தனியாகத்தான் ஓடுகின்றன" என்று திருப்புவார்கள். ஒன்று மற்றதை எப்படி மாற்றுகிறது என்று எழுதவேண்டும்: ஒரே பெல்ட்டில் ஓடுவதால் ட்ரம் வேகம் குறையும்போது காற்றும் குறைகிறது, அதனால் பருப்பு கோதோடு பறக்கவில்லை, இப்படி. எத்தனை கிலோவுக்கு எத்தனை உடைந்தது என்று அளந்து போடுங்கள். "கச்சான் பதப்படுத்தும் முறை" என்று கோரிக்கையை இழுக்கவேண்டாம். விவசாய முறைகளுக்கு 3(h) தடை இருக்கிறது, வீண் வாக்குவாதம் வரும். மெஷினையே கேளுங்கள்.

சட்டத்தரணிமார் கோபிக்க வேண்டாம், முகவரிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் எழுதினேன். ஒன்று மட்டும்: மெஷினை விவரிக்கும் விவரக்குறிப்பைத் தமிழில் எழுதிச் சென்னைக்கு அனுப்பாதீர்கள். ஆங்கிலம் அல்லது இந்திதான். சென்னையில் இருக்கிற அலுவலகம்தான், ஆனாலும் அப்படித்தான்.