தலையே கேமராவாகும் துறை: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

கண்களை மூடித் தலையில் அணியும் மெய்நிகர் (VR) ஹெட்செட்களில் காட்சியை இயல்பாக்கும் வேலைக்குப் போகவேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதையும், அது விளையாட்டு மோகமாக முடிந்துவிடுமோ என்று நீங்கள் கலங்குவதையும் படித்தேன். உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் கண்ணும் உள்காதும் வேலை செய்யும் விதத்தைக் கணிதத்தோடு இணைத்துப் படிக்க வேண்டிய கடினமான பொறியியல் இது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாதாரணத் திரையில் கேமராவை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம். ஹெட்செட்டில் அணிந்தவரின் தலையே கேமரா. தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிவிநாடிக்கு மேல் தாமதமானால், உள்காது உணர்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகாமல் தலைசுற்றலும் குமட்டலும் வரக்கூடும் என்பதால், தலை அடுத்த கணத்தில் எங்கிருக்கும் என்பதை மென்பொருள் முன்கூட்டியே கணித்து வரைகிறது. தலையின் திருப்பங்களைக் குறிக்க அது பயன்படுத்தும் குவாட்டர்னியன்கள் என்ற நான்கு கூறு எண்கள் 1843இல் கணிதவியலாளர் ஹாமில்டன் கண்டறிந்தவை.

என்னிடம் வந்த ஒரு மாணவர், நடக்கும்போது கேமரா மேலும் கீழும் குலுங்கும்படி ஒரு காட்சி அமைத்திருந்தார். திரையில் அழகாக இருந்த அது, ஹெட்செட்டை அணிந்த இரண்டே நிமிடத்தில் எனக்கு வியர்வையை வரவழைத்தது. நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன். குலுக்கலை எடுத்துவிட்டு, கைக்கருவியால் திரும்புவதை 30 பாகைப் படிகளாக அவர் மாற்றிய பிறகு, அதே காட்சியில் கால் மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறர் உடல் படும் அவதியைக் கவனித்துத் திருத்தும் இந்தப் பொறுமையே இத்துறையில் ஒருவரை உயர்த்தும் என்பது என் கருத்து.

தீராத சிக்கல்களும் உண்டு. பெரும்பாலான ஹெட்செட்களில் லென்ஸின் குவியத் தொலைவு நிலையானது. அருகிலுள்ள பொருளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பினாலும் குவியம் மாறாததால் கண் சோர்கிறது. ஒளியியலில் ஆர்வமிருந்தால் அவளுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

மேல்நிலை வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் விடவேண்டாம். பட்டப்படிப்பு கணினி அறிவியலாகவோ மின்னணுவியலாகவோ இருக்கலாம். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளையும் அதில் பயன்படும் சி ஷார்ப் நிரல்மொழியையும் வீட்டிலிருந்தே பழகலாம். இச்சந்தை ஏறி இறங்கக்கூடியது என்றாலும், இங்கே கற்கும் வரைகலையும் உணரிக் கணக்கீடும் ரோபோவியலிலும் மருத்துவப் படிமவியலிலும் அப்படியே கைகொடுக்கும்.

இந்த விடுமுறையில் ஒரே ஒரு மெய்நிகர் அறையை மட்டும் உருவாக்கி, மூன்று பேரை ஹெட்செட்டை அணிந்து பார்க்கச் சொல்லி, எந்த நிமிடத்தில் யாருக்கு அசௌகரியம் தொடங்கியது என்று அவளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு இருவரும் என்னை வந்து பாருங்கள்.