பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கு தொழிலாகுமா?

கேள்வி: சாவி இல்லாமல் கம்பிகளால் பூட்டைத் திறக்க ஓராண்டாகப் பழகி வருகிறேன். உட்புறம் தெரியும்படி செய்த பயிற்சிப் பூட்டை அரை நிமிடத்தில் திறந்துவிடுகிறேன். கடையில் வாங்கிய சாதாரணப் பூட்டோ அசைய மறுக்கிறது. இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. "திருடன் கற்கும் வித்தை உனக்கெதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தப் பயிற்சிப் பூட்டு உங்களுக்குக் கொஞ்சம் செல்லம் கொடுத்துவிட்டது. பூட்டின் சிலிண்டருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு பின்கள், அதாவது சிறு உலோகக் குச்சிகள், நிற்கின்றன. மேலிருந்து ஸ்பிரிங் அவற்றை அழுத்துகிறது. சரியான சாவி நுழைந்ததும் எல்லா இணைகளின் பிரிவுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்க, நடு உருளை திரும்புகிறது. எந்தத் தொழிற்சாலையும் அந்தத் துளைகளை மயிரிழை பிசகாமல் வரிசையாகத் துளைப்பதில்லை என்பதால்தான் உங்கள் பொழுதுபோக்கே சாத்தியமாகிறது. உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதோ ஒரு பின் முதலில் இறுகும். அதை உயர்த்தி நிறுத்தியதும் அடுத்தது இறுகும். பயிற்சிப் பூட்டில் இந்தப் பிசகுகள் தாராளமாக இருப்பதோடு கண்ணும் உதவிக்கு வருகிறது. நல்ல பூட்டில் விரல் நுனியை மட்டுமே நம்ப வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உருளையைத் தேவைக்கு மேல் அழுத்தித் திருப்புகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிடியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். உருளை சற்றே திரும்பி அப்படியே நின்றுவிட்டால், உள்ளே இடுப்புச் சிறுத்த பின் ஒன்று வழிமறிக்கிறது என்று பொருள். அதை உயர்த்தும்போது உருளை இம்மியளவு பின்னோக்கி நகர்வது விரலில் தெரியும். அந்த நகர்வுக்கு இடம் கொடுக்க வேண்டும், எதிர்த்து இறுக்கக் கூடாது.

வீட்டாரின் அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன்; ஆனால் அவர்களிடம் ஒரு பழைய செய்தியைச் சொல்லுங்கள். லண்டனில் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளரின் கடைச் சன்னலில், திறப்பவருக்கு 200 கினி (அக்கால ஆங்கிலேயப் பணம்) பரிசு என்ற அறிவிப்போடு ஒரு பூட்டு ஏறத்தாழ 60 ஆண்டுகள் தோற்காமல் இருந்தது. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், 16 நாள்களில் பகுதி பகுதியாக 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். எந்தத் திருடன் 51 மணி நேரம் காத்திருப்பான்? அவனுக்குக் கடப்பாரை போதும். இப்படிச் சொன்ன கையோடு, உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டுமே கை வைப்பேன் என்றும், சொந்தமானதே ஆனாலும் கதவில் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடமாட்டேன் என்றும் வீட்டாருக்கு உறுதி கொடுங்கள். கம்பி முறிந்து உள்ளே சிக்கினால் குடும்பமே வாசலில் நிற்க நேரும்.

இனி தொழில். கம்பியால் திறப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். சாவி வெட்டுவது, பூட்டைப் பிரித்துப் பின்களை மாற்றிப் புதுச் சாவிக்கு இணங்கச் செய்வது, கதவில் பூட்டைப் பொருத்துவது ஆகியவையே அன்றாட வேலை. என்னைக் கேட்டால், அத்தொழிலின் அழகு அரத்தில் இருக்கிறது. தொலைந்த சாவிக்கு மாற்று செய்ய, வெட்டப்படாத பித்தளைச் சாவியின் விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துப் பூட்டுக்குள் செலுத்தி, திருப்பிப் பிடித்து மெல்ல ஆட்டி வெளியே எடுக்கிறார்கள். இறுகி நிற்கும் பின் ஒன்று அழுத்திய இடத்தில், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் ஊசிமுனைப் புள்ளி ஒன்று இருக்கும். அங்கே அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி பூட்டுக்குள். புள்ளி விழாமல் போனதும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஓரிரு இழுப்பு கூடினால் சாவி வீண்.

ஆகவே கம்பிகளைச் சில மாதங்கள் ஓரமாக வைத்துவிட்டு, நல்ல அரம், சாவியை இறுக்கிப் பிடிக்க வைஸ், வெட்டப்படாத சாவிகள் சில என்று வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகச் சேருங்கள். சில நாடுகளில் இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பதால் அதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. அவர் பூட்டைத் திறக்கும் விதத்தைக் காட்டிலும், அழைத்தவர் உண்மையில் அந்த வீட்டுக்காரர்தானா என்று அவர் விசாரிக்கும் விதத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அதைக் கேட்கத் தயங்குபவரிடம் வேலை கற்க வேண்டாம்.

அதற்கு முன்னர் ஒரு சிறு சோதனை. சாவி திரும்ப அடம்பிடிக்கும் கதவு ஒன்று உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திரும்பினால் பழுது பூட்டில் இல்லை. பெரும்பாலும் கீல் தளர்ந்து கதவு தொங்கியதால், தாழ் நிலைச்சட்டத்தில் உள்ள எதிர்த்துளையின் விளிம்பில் முட்டுகிறது. கீலின் திருகுகளை இறுக்கி அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, பிறகு வீட்டாரிடம் தொழில் பற்றிய பேச்சை எடுங்கள்.