கிரீச்சிடும் காருக்கு இவ்வளவு வரியா?

கேள்வி: வயது 47, சொந்தத் தொழில். முதல்முறையாக ஒரு சொகுசு கார் வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனேன். டெஸ்ட் டிரைவில் சென்டர் கன்சோலில் முழங்கால் படும்போதெல்லாம் கிரீச் என்றது. டிக்கிக் கதவின் இடைவெளி இடது பக்கம் மெல்லிய கோடாக இருந்தது, வலது பக்கம் விரல் நுனியே போனது. "இது டெமோ வண்டி சார், உங்களுக்கு வர்றது இப்படி இருக்காது" என்றார் விற்பனையாளர். கொட்டேஷனைப் பார்த்தால் விலையில் பெரிய பங்கு வரி. இந்தத் தரத்துக்கு இவ்வளவு வரி கட்டுவதா? மூன்று வருடம் ஓடிய அதே மாடலை வாங்கலாமா? கம்பெனி பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார் நண்பர். பணம் கையில் இருக்கிறது, கடன் தேவையில்லை.

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அதில் இரண்டு கோபம் கலந்திருக்கிறது. ஒன்று காரைச் செய்தவர் மேல், இன்னொன்று அரசாங்கத்தின் மேல். பிரித்து வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

நீங்கள் கட்டும் வரியில் ஒரு பைசாகூடக் காரைச் செய்தவருக்குப் போவதில்லை. ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே கார், ஒரு நாட்டில் லேசான வரியோடு விற்கும், இன்னொரு நாட்டில் இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகும். கதவுக் கைப்பிடி இரண்டிலும் அதேதான். ஆகவே பிளாஸ்டிக்கும் தையலும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும்போது வரிக்கு முந்தைய விலையை மனதில் வையுங்கள். உங்கள் பைக்குத் தாங்குமா என்று பார்க்கும்போது முழு விலையை வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. சிங்கப்பூர் என்றால் வரிக்கு முந்தைய மதிப்பு உங்கள் கண்ணெதிரே இருக்கும். அங்கே ஒவ்வொரு காருக்கும் திறந்த சந்தை மதிப்பு என்று ஒன்று பதிவாகிறது. அது 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் வந்த அட்டவணைப்படி முதல் 20,000 வெள்ளிக்கு 100 சதவீதம், அடுத்த 20,000-க்கு 140, மீதி 10,000-க்கு 190. ஆகக் கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் 67,000 வெள்ளி. கலால் வரி, ஜிஎஸ்டி, பத்து ஆண்டுக்கான உரிமைச் சான்றிதழ் எல்லாம் இதற்கு மேல். விலைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் தொட்டுப் பார்ப்பது 50,000 வெள்ளிக் கார்தான்.

இந்தியா என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன் 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து பெரிய எஸ்யூவிகளுக்கு 50 வரை போனது. மின்சாரக் காருக்கு 5தான். ஒரு பெட்ரோல் காரின் அடிப்படை விலை 100 என்று கொள்ளுங்கள். ஜிஎஸ்டியோடு 140. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், 15 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 21. சாவி கைக்கு வரும்போது 161.

இனி மூன்று வருடம் கழித்து விற்கிறீர்கள். எக்ஸ்ஷோரூம் விலையில், அதாவது சாலை வரிக்கு முந்தைய 140-இல், பாதி கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், கைக்கு வருவது 70. நஷ்டம் 91. வரியே இல்லாத ஊரில் அதே கார் 100-லிருந்து 50-க்கு வந்திருக்கும், நஷ்டம் 50. அதாவது கார் தேயும்போது வரியும் கூடவே தேய்கிறது. "வரி கட்டியது போனது போனதுதான்" என்பது முழு உண்மை இல்லை; ஜிஎஸ்டியில் ஒரு பகுதி பழைய காரின் விலைக்குள் ஒட்டிக்கொண்டு வரும், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவரும் அதைக் கட்டியாக வேண்டும். அந்த வரி விகிதத்தை அரசு குறைத்தால் உங்கள் காரின் மதிப்பும் அன்றைக்கே இறங்கும். 2025 ஆகஸ்டில் 50 சதவீதம் கட்டி எஸ்யூவி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. ஆண்டு வரியில் விலை உயர்ந்த கார்களுக்கு ஒரு கூடுதல் தொகை உண்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள். பெட்ரோல், டீசல் கார் என்றால் வரம்பு 40,000 பவுண்டு. நீங்கள் பேரம் பேசி எவ்வளவு குறைத்தாலும் அது கணக்கில் வராது. தொழிற்சாலையில் பொருத்தும் ஆப்ஷன்களோடு சேர்ந்த பட்டியல் விலைதான் வரும். ஒரு கண்ணாடிக் கூரைக்கு ஆசைப்பட்டு வரம்பைத் தாண்டினால், கூரைக்கு ஒரு தடவையும் வரிக்கு ஐந்து தடவையும் பணம் கொடுப்பீர்கள். எந்த நாடானாலும் ஆப்ஷன் பட்டியலை வரி வரம்புக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சரி, அந்தக் கிரீச். கட்டுமானத் தரம் வேறு, நம்பகம் வேறு. தோலின் தையல், கதவு மூடும் சத்தம், பேனல் இடைவெளி இவை முதல் வகை. ஐந்தாம் வருடம் ஏர் சஸ்பென்ஷன் படுத்துக்கொள்ளுமா என்பது இரண்டாவது. ஷோரூமில் நமக்குத் தெரிவது முதல் வகை மட்டும். பிற்பாடு பணத்தைத் தின்பது இரண்டாவது. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் புதுக் கார் உரிமையாளர்களிடம் முதல் 90 நாளில் வந்த தொல்லைகளைக் கேட்டுத் தொகுக்கிறது. அதில் பல ஆண்டுகளாகத் திரையும் மென்பொருளும் சேர்ந்த இன்ஃபோடெயின்மென்ட்தான் அதிகப் புகார் வாங்குகிறது. சொகுசுக் கார்களில் அந்தச் சமாச்சாரமே அதிகம், ஆகவே விலை கூடினால் தொல்லை குறையும் என்று நினைக்க வேண்டாம்.

என் கதையையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு எடுத்த என் சொகுசு காரில் எல்லா இடைவெளியும் ஒரே அளவு, பெயின்ட் கண்ணாடி மாதிரி. மூன்றாவது மழைக்குப் பின்னிருக்கைக்குக் கீழே கார்பெட் நொசநொசவென்று ஈரம், பழைய சாக்கு வாடை. நான்கு தடவை சர்வீஸுக்குப் போய்வந்த பிறகு ஒரு பையன் கூரை ஓர உறையைக் கழற்றிக் காட்டினான்: சன்ரூஃப் தண்ணீர் வடிகிற குழாய் சொருகாமலே தொங்கியது. விரலால் தள்ளினான், டக் என்று உட்கார்ந்தது. செலவு பூஜ்யம், வாரன்டி இருந்ததால்.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பழைய கார் பக்கம் சாய்கிறேன். மூன்று வருடம் ஓடிய காரில் கிரீச் இருந்தால் கேட்டுவிடும், ஒழுகியிருந்தால் கார்பெட்டைத் தூக்கினால் கறை தெரியும். விலையின் முதல் சரிவும் வேறொருவர் தலையில் விழுந்துவிட்டது. சர்வீஸ் பதிவு முழுதாக இருக்க வேண்டும், காரைச் செய்த கம்பெனியே வாரன்டியை நீட்டித் தர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் தொடாதீர்கள். வாரன்டி தீர்ந்த சொகுசு காரின் உதிரிப்பாக விலை, நீங்கள் கொடுத்த பழைய விலைக்கு ஏற்பக் குறைவதில்லை. பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் என்றால் புதிதே எடுக்கலாம், சரிவு அத்தனை வருடங்களில் பரவிவிடும்.

கம்பெனி பெயர் விஷயம்: இந்தியாவில் டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை அமரும் காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைப் பொதுவாக உள்ளீட்டு வரவாக, அதாவது உங்கள் தொழிலின் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது. வாடகைக்கு விடுபவர், கார் விற்பவர், ஓட்டுநர் பயிற்சி தருபவர் போன்றவர்களுக்குத்தான் விலக்கு. தேய்மானத்தை ஆண்டுக்கு 15 சதவீதம் செலவாகக் காட்டலாம், வட்டியையும் பெட்ரோலையும் காட்டலாம். உங்கள் நண்பர் சொல்லும் மிச்சம் அவ்வளவுதான். 10 லட்சத்துக்கு மேல் போனால் டீலர் விற்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் 1 சதவீத வருமான வரி (டிசிஎஸ்) மட்டும் உங்கள் வருமான வரியில் கழியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்க மறக்காதீர்கள். அப்புறம் இன்சூரன்ஸ்: கார் முழுதாகப் போனால் சாதாரண பாலிசி சாலை வரியைத் திருப்பித் தராது. "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்தால் தரும், ஆனால் காரின் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதுதான் என்று முடிவானால், காரைப் பதிவு செய்வதற்கு முன் பாருங்கள். பதிவான பிறகு அது சட்டப்படி உங்கள் கார், வேறு வண்டி கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஷோரூம் விளக்கில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் பாருங்கள். நான்கு டயரிலும் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. கார் எத்தனை நாள் யார்டில் நின்றது என்று அது ஓரளவு சொல்லிவிடும். ஏசியைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, மேடுபள்ளமான சாலையில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். கன்சோலில் முழங்காலை வையுங்கள்.

அந்த விற்பனையாளர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், டெமோ வண்டி பலர் கை பட்டது. ஆனால் அவர் வாயால் சொன்னதை முன்பதிவுப் படிவத்தில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: பதிவுக்கு முன் பரிசோதனையில் சத்தமோ இடைவெளிக் கோளாறோ இருந்தால் முன்பணம் முழுதும் திரும்பும் என்று. எழுதித் தந்தால் காசோலையைக் கொடுங்கள். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று சொன்னால், மேனேஜர் வரும்வரை அங்கேயே காபி குடித்துக்கொண்டிருங்கள்.