மேசைப்பந்தைத் தொழிலாக ஏற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி அமையும்?

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியில் மேசைப்பந்து ஆடும் தம் மகள் இதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். இந்திய மேசைப்பந்து வீராங்கனை மணிகா பத்ராவின் பாதையைக் கொண்டு விளக்குகிறேன்.

1995இல் டில்லியில் பிறந்த மணிகா, நான்கு வயதில் மட்டையைப் பிடித்தார். பின்னர் ஆட்டத்துக்காகக் கல்லூரிப் படிப்பையும் மாடலிங் வாய்ப்புகளையும் விட்டார். படிப்பை விடுவது எல்லாருக்கும் ஏற்றதன்று என்பதே என் கருத்து. நம் பிள்ளைகள் எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதி) தேர்வையாவது முடித்துக்கொள்வது நல்லது.

அவருடைய ஆட்டத்தில் உண்மையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மட்டையின் ஒரு பக்கத்தில் அவர் ஒட்டியிருக்கும் நீண்ட புள்ளிகள் கொண்ட ரப்பர்தான். பந்து பட்டதும் அப்புள்ளிகள் வளைந்துகொடுப்பதால், எதிராளி கொடுத்த சுழற்சி பெரும்பாலும் மாறாமல் அந்த எதிராளியிடமே திரும்புகிறது. அதாவது, மேற்சுழற்சியாக (முன்னோக்கிச் சுழன்று) வந்த பந்து எதிராளியின் பார்வையில் கீழ்ச்சுழற்சியாக (பின்னோக்கிச் சுழன்று) போய்ச்சேரும். இடையிடையே மட்டையைத் திருப்பிப் பிடித்தும் மணிகா எதிராளியைக் குழப்புவார். மட்டையின் இரு பக்க ரப்பர்களும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தும், பந்து எந்தப் பக்கத்தில் பட்டது என்பதை நொடிக்கும் குறைவான நேரத்தில் கணிப்பது கடினம்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், அப்போது உலகத் தரவரிசையில் நான்காம் இடத்திலிருந்த சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெய்யை அவர் வீழ்த்தியதில் இந்த உத்திக்குப் பெரும் பங்குண்டு. ஒற்றையர் தங்கமும் அவருக்கே கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவின் கடைசிப் பதினாறு பேருள் ஒருவரானார். அப்போது அவருக்கு வயது 29.